மலையகத்திலிருந்து நீர்கொழும்புக்குக் குடிவருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா, நானுஓயா, அப்புத்தளைப் பக்கங்களிலிருந்து வேலைக்காக நீர்கொழும்பு, கட்டுநாயக்க, சீதுவை, கொச்சிக்கடைப் பகுதிகளுக்கு வரும் குடும்பங்களுக்காக இது எழுதப்பட்டது. தனியாளாகப் போடிங்கில் தங்கி, லீவுக்கு ஊர் திரும்புகிறவர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும். விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் அவற்றை எழுதவில்லை.

தோட்டத்தில் வீடு, பீலித் தண்ணீர், விறகு, டிஸ்பென்சரி, பிள்ளைக் காம்பரா (வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் இடம்) எல்லாம், எத்தனை குறையோடு இருந்தாலும், செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவில்) பேர் இருப்பதோடு சேர்ந்தே வந்தவை. இங்கே ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு, தனிப் பில். சம்பளம் கூடியும் கையில் காசு நிற்காததற்கும், பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் கிடைக்காததற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றியவைதான்.

தோட்டத்தை விட்டு வருமுன் எவற்றை முடித்துக்கொண்டு வர வேண்டும்?

முதலாவது, வேலையை எழுத்தில் விடுங்கள். பெரட்டுக்கு (காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகாமல் நின்றுவிட்டால் தானாகப் பேர் வெட்டப்படும் என்று விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். பிறகு பணிக்கொடை கேட்கப் போகும்போது எந்தத் திகதியில் வேலை முடிந்தது என்பதிலேயே இழுபறி தொடங்கும். ராஜினாமாக் கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தோட்ட அலுவலகத்தின் முத்திரையும் திகதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உரியது. தானாக வேலையை விட்டாலும் அந்த உரிமை போகாது. நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்று கணக்கு. 9 வருடம் வேலை செய்தவருக்கு 126 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய நாட்சம்பளத்தின்படி. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்தப் பகுதித் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். கரையோரத்துக்கு வந்து இரண்டு வருடம் கழித்து இதற்காக மலையேறுவது வீண் அலைச்சல், இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

ஊழியர் சேமலாப நிதி வேறு விஷயம். தோட்டத்துக் கணக்கில் உள்ள பணம் அப்படியே இருக்கும், வட்டியும் சேரும். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில் எடுக்கலாம். திருமணத்துக்காக வேலையை விடும் பெண் அதற்கு முன்பே எடுக்க வழி உண்டு. புதிய வேலையில் புது அங்கத்துவ இலக்கம் கிடைக்கும், பழைய இலக்கத்தை எழுதிப் பத்திரமாக வையுங்கள். பலருக்குச் சிக்கல் வருவது பெயரில்தான். செக்ரோலில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி இருக்கும். தகப்பன் பெயரும் முதலெழுத்தும் இடம் மாறியிருக்கும். தோட்டத்தில் உங்களைத் தெரிந்த கிளார்க் இருக்கும்போதே திருத்தச் சொல்லிக் கேளுங்கள்.

இவற்றோடு பிள்ளைகளின் பாடசாலை விடுகைப் பத்திரம், சிறுபிள்ளைகளின் தடுப்பூசி விவரம் உள்ள சுகாதாரக் கொப்பி, கர்ப்பிணியின் கிளினிக் அட்டை, பிரஷர், சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களின் கிளினிக் கொப்பி, மாற்றுக் கடிதம் ஆகியவையும் கையில் இருக்க வேண்டும். கொப்பி இல்லாமல் வந்தால் இங்கே முதல் நாளிலிருந்து எல்லாப் பரிசோதனையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

லயக் காம்பரா (தோட்டத்து வரிசை வீட்டு அறை) என்ன ஆகும்? வாக்கை இங்கே மாற்றலாமா?

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான முடிவு. ஒருவருடைய பெயர் வாக்காளர் இடாப்பில் ஒரு இடத்தில்தான் இருக்கலாம். தோட்டத்தில் வைத்திருந்தால் லயக் காம்பரா, வரப்போகும் வீட்டுத் திட்டம், 7 பேர்ச் காணி என்று எதிலாவது உங்கள் பெயர் நிற்க வாய்ப்பு உண்டு. இங்கே மாற்றினால்தான் பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்கும்போது வதிவிடப் புள்ளி கிடைக்கும். இரண்டையும் ஒருவரே பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

எங்கள் கருத்து இது. தாயோ தகப்பனோ கூடப்பிறந்தவரோ தோட்டத்தில் உண்மையாகவே குடியிருந்தால் காம்பராவை அவர் பெயரில் நிற்க விடுங்கள். பிள்ளையோடு இங்கே இருப்பவர்கள் இங்கே பதியுங்கள். பூட்டிய காம்பராவை நம்பி இரண்டு ஊரிலும் காலூன்றாமல் நிற்பதில் பிள்ளையின் படிப்புத்தான் அடிபடும். ஆனால் தோட்டத்தில் வீட்டுத் திட்டப் பயனாளிப் பட்டியலில் ஏற்கனவே பெயர் வந்திருந்தால், வீடு கைக்கு வரும்வரை அந்த ஆளின் பதிவை மட்டும் அசைக்க வேண்டாம்.

இங்கே பதிவதற்கு முதலில் உங்கள் பிரிவின் கிராம உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள். அடையாள அட்டை, வாடகை ஒப்பந்தம், பழைய ஊர் கிராம உத்தியோகத்தரின் கடிதம் கொண்டுபோக வேண்டும். பிரதான இடாப்பு ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி 1 அன்று எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதை வைத்துத் தயாராகிறது. மார்ச்சில் வந்தவர் அடுத்த பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டிவரும். அஸ்வெசும என்னும் அரச நலன்புரிக் கொடுப்பனவு எடுக்கிறவர்கள் முகவரி மாற்றத்தைப் பிரதேச செயலகத்தில் தனியாக அறிவிக்க வேண்டும். வாக்கை மாற்றியதும் அதுவும் தானாக மாறிவிடாது.

எந்தப் பக்கம் வீடு தேடலாம்?

வேலை இடத்துக்குப் பக்கம் என்பதை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். மலையில் வெள்ளம் ஓடிப் போய்விடும், இங்கே வந்து நிற்கும். களப்பு, முத்துராஜவெல சதுப்பு நிலம், ஹமில்டன் வாய்க்கால், தண்டுகம் ஓயா, வடக்கே கொச்சிக்கடையில் மகா ஓயா, இவற்றை ஒட்டிய தாழ்வான ஒழுங்கைகளில் வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மே, ஜூனிலும் ஒக்டோபர், நவம்பரிலும் அதைக் காண்பீர்கள்.

வீடு பார்க்கப் போகும்போது சுவரின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். ஒரே மட்டத்தில் ஓடும் மங்கிய கோடு, முழங்கால் உயரம் வரை மட்டும் புதிதாக அடித்த பெயின்ட், கீழ்ப்பகுதி ஊதிய பலகைக் கதவு, தரையிலிருந்து வழக்கத்தைவிட உயரத்தில் வைத்த பிளக் பொயின்ட் ஆகியவை தண்ணீர் ஏறிய வீட்டின் அடையாளங்கள். வீட்டுக்காரரிடம் கேட்பதைவிடப் பக்கத்துக் கடையில் கேளுங்கள். மழை நாளில் போய்ப் பார்ப்பது எல்லாவற்றிலும் நல்லது.

கடலோரத்து முதல் வரிசை வீடுகளைத் தவிர்த்தால் இரும்புச் சாமான் அதிக காலம் தாங்கும். நீர்கொழும்பு நகரில் கடற்கரைத் தெருவில் அம்மன், பிள்ளையார் கோவில்கள் இருக்கின்றன. அந்தப் பக்கத்தில் தமிழ்க் கடைகளும் தமிழில் பேசுகிறவர்களும் அதிகம். வீட்டில் வயதான அம்மா இருந்தால் இதையும் கணக்கில் எடுங்கள், பேச ஆளில்லாமல் அறைக்குள் இருப்பது அவர்களை வாட்டிவிடும்.

அட்வான்ஸ் கொடுத்தால் துண்டு எழுதினால் போதுமா?

போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை ஒப்பந்தம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். ஆறு மாதம், ஒரு வருட வாடகையை முன்பணமாகக் கேட்பது இங்கே வழக்கம். அவ்வளவு பணத்தைக் கொப்பித் தாளில் எழுதிய கையெழுத்தை நம்பிக் கொடுக்காதீர்கள். கிராம உத்தியோகத்தரிடமும் பாடசாலையிலும் காட்டுவதற்கும் இந்த ஒப்பந்தம் வேண்டும்.

ஒப்பந்தத்தில் இவை இருக்கின்றனவா என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்: முன்பணம் மாத வாடகையில் கழிகிறதா அல்லது முடிவில் திரும்பி வருகிறதா, கரண்ட், தண்ணீர்ப் பில் யார் பொறுப்பு, இடையில் எழும்பினால் எத்தனை நாள் முன்னறிவித்தல், எத்தனை பேர் தங்கலாம். சிங்களத்தில் எழுதியிருந்தால் விளங்குகிறவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கையெழுத்துப் போடும் நாளில் மீற்றர் வாசிப்பைப் போனில் படம் பிடித்து வையுங்கள்.

தண்ணீர் எப்படி?

குழாய்த் தண்ணீர் உள்ள வீடாகப் பாருங்கள். நீர் வழங்கல் சபை இந்தப் பக்கத்துக்கு மகா ஓயாவிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து அனுப்புகிறது. குளோரின் மணம் பிடிக்காவிட்டால் வாய் அகன்ற பாத்திரத்தில் இரவு முழுவதும் மெல்லிய துணியால் மூடி வைத்தால் போய்விடும். கடும் வரட்சியில் ஆற்றில் ஓட்டம் குறைந்து கடல் நீர் உள்ளே ஏறும். அப்போது நேரம் வைத்துத்தான் தண்ணீர் வரும், குடிக்கும் தண்ணீரை இரண்டு நாளுக்காவது சேர்த்து வைத்திருங்கள்.

பல வாடகை வீடுகளில் கிணறு மட்டும்தான். இங்கே மண் மணல். பத்துப் பதினைந்து அடியிலேயே தண்ணீர் கிடைக்கும், அதுதான் சிக்கலும். மலசலகூடக் குழியிலிருந்து கசிவது மணலில் வடிந்து கிணற்றுக்கு வந்துவிடும். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 15 மீற்றராவது, அதாவது 50 அடி இருக்க வேண்டும். 6, 7 பேர்ச் காணிகள் நெருங்கிய ஒழுங்கையில் உங்கள் வீட்டுக் குழி தூரமாக இருந்தாலும், பக்கத்து வீட்டுக் குழி மதிலுக்கு அந்தப் பக்கம் கிணற்றோடு ஒட்டி இருக்கும். எட்டிப் பாருங்கள்.

கிணற்றுத் தண்ணீர் சவரா என்று பார்க்க நாக்கு போதும். கடுந்தண்ணீரா என்று பார்க்க ஒரு பிளேன்டீ ஊற்றிப் பாருங்கள். ஆறும்போது மேலே எண்ணெய் படிந்ததுபோல மெல்லிய ஆடை கட்டி, கோப்பை ஓரத்தில் பழுப்பு வளையம் பிடித்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. மலைத் தண்ணீரில் ஊற்றிக் குடித்த அதே தேயிலை இங்கே மங்கி, ருசி கெட்டிருப்பதற்கு இதுதான் காரணம். உடம்புக்குப் பெரிய தீங்கு இல்லை, ஆனால் கேத்தலில் காறை பிடிக்கும், சவர்க்காரம் நுரைக்காது.

கரையோரத்தில் நல்ல தண்ணீர், பாரமான உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. மோட்டரை நீண்ட நேரம் ஓட விட்டால் மேற்படை குறைந்து கீழிருந்து உப்பு ஏறும். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று எடுத்தால் கிணறு கெடாது. குடிக்கும் தண்ணீரை நன்றாகக் குமிழி எழும்பக் கொதிக்க வையுங்கள். அதில் கிருமி சாகும், உப்பு போகாது. வெள்ளம் ஏறிய கிணற்றை இறைத்துக் குளோரின் போடாமல் குடிக்கக் கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொன்னால் அளவு சொல்லித் தருவார். கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அவர் கேட்பார், கணக்கு இதுதான்: குறுக்களவை மீற்றரில் அதே எண்ணால் பெருக்கி, அதை 0.785 ஆலும் தண்ணீரின் ஆழத்தாலும் பெருக்கி, கடைசியில் 1,000 ஆல் பெருக்கினால் லீற்றர் வரும். 1.2 மீற்றர் வளையக் கிணற்றில் 2 மீற்றர் தண்ணீர் நின்றால் ஏறத்தாழ 2,260 லீற்றர்.

கரண்ட் பில் ஏன் இவ்வளவு வருகிறது?

ஃபேன். மலையில் அந்தச் செலவே இல்லை. ஒரு சீலிங் ஃபேன் 70 வாற்று என்றால் நாளுக்கு 10 மணி நேரத்தில் 0.7 யூனிட், மாதத்துக்கு 21. இரண்டு ஃபேன் 42. ரைஸ் குக்கர் 10 யூனிட்டளவு, பிரிஜ் அதன் அளவையும் வயதையும் பொறுத்து 20 முதல் 40. இவ்வளவிலேயே 60ஐத் தாண்டிவிட்டீர்கள்.

60 என்ற எண்ணை மனதில் வையுங்கள். வீட்டுப் பாவனைக் கட்டணத்தில் மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் குறைந்த வீதம். தாண்டினால் மேலதிக யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டிலிருந்தே கூடிய வீதம் விழும், நிலையான கட்டணமும் ஏறும். அதனால் 58க்கும் 64க்கும் இடையில் உள்ள வித்தியாசம் 6 யூனிட்டின் விலையாக இருக்காது.

ஒரே மீற்றரில் நான்கைந்து அறைகளை வாடகைக்கு விட்டிருக்கும் இடங்களில் இது இன்னும் மோசம். எல்லாருடைய பாவனையும் சேர்ந்து உயர் வீதத்துக்குப் போய்விடும், நீங்கள் ஒரு பல்ப் போட்டாலும் அந்த வீதத்தில்தான் பங்கு கட்ட வேண்டும். தனி மீற்றர் உள்ள அறைக்கு வாடகை கொஞ்சம் கூடினாலும் அது லாபமாக இருக்கலாம், கணக்குப் பார்த்து முடிவெடுங்கள். புதிதாக ஃபேன் வாங்குவதென்றால் 30 வாற்றளவில் ஓடும் புதிய வகை மோட்டர் உள்ளதை வாங்குங்கள், செலவு பாதிக்கும் குறையும். நீர்கொழும்பு நகரில் கரண்ட் தருவது பெரும்பாலும் லெக்கோ என்ற நிறுவனம். பில் கட்டப் போகுமுன் உங்கள் பில்லில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

விறகு அடுப்பு வைக்கலாமா?

வாடகை அறைகளில் விடமாட்டார்கள், விறகும் காசுக்குத்தான். கேஸ் பாவிக்கப் பழகுங்கள். 12.5 கிலோ சிலிண்டர் நான்கு பேர் உள்ள வீட்டில் ஐந்து கிழமைக்குக் கொஞ்சம் கூடப் போகும். லிற்றோ, லாஃப்ஸ் என்ற இரண்டு கேஸ் கம்பனிகளுக்கும் ரெகுலேட்டர் வேறு, வெறுஞ் சிலிண்டர் வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். கேஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையோடு படரும். அதனால் மேலே ஜன்னல் இருப்பது மட்டும் போதாது, கதவடியில் காற்றுப் போக வழி வேண்டும். சிலிண்டர் மாற்றிய ஒவ்வொரு முறையும் இணைப்பில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிகிறது. உப்புக் காற்றில் கிளிப் சீக்கிரம் துருப்பிடிக்கும். குழாயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிளிப்போடு மாற்றுங்கள்.

சூடு தாங்க முடியவில்லை. எப்போது பழகும்?

உயரம் 1,000 மீற்றர் குறைந்தால் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை கூடும். ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது, ஆகவே வித்தியாசம் 8 பாகையளவு. அதைவிட வாட்டுவது ஈரப்பதம், வியர்வை காயாது. உடம்பு பழக 10 முதல் 14 நாளாகும். அந்த இரண்டு கிழமையில் கட்டிட வேலை, லோடிங் வேலைக்குப் போகிறவர்கள் முதல் நாளே முழு நேரம் நிற்கக் கூடாது. தாகம் வருமுன் குடியுங்கள். தலைச்சுற்றல், வாந்தி வந்தால் நிழலுக்கு வந்து, உடம்பை நனைத்து, ஜீவனி (உப்பு, சீனி சேர்ந்த நீரிழப்புத் தூள்) ஒரு பைக்கற்றை 1 லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் கொஞ்சங் கொஞ்சமாகக் குடியுங்கள். வியர்வை நின்று, பேச்சுக் குழம்பினால் 1990 அம்புலன்சை அழையுங்கள், காத்திருக்கக் கூடாது.

பிரஷருக்குச் சிறுநீர் போகும் மாத்திரை எடுப்பவர்கள் இங்கே வந்ததும் கிளினிக்கில் சொல்லி அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் இன்சுலினை அலுமாரியில் வைத்திருந்தவர்கள் இங்கே அப்படி வைக்க வேண்டாம், தகரக் கூரை அறை பகலில் 30 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும். பிரிஜ் இல்லாவிட்டால், ஈர மணல் நிரப்பிய பெரிய மண்சட்டிக்குள் சிறிய சட்டி வைத்து, இன்சுலின் போத்தலைப் பொலித்தீன் பையில் கட்டி அதற்குள் வையுங்கள். மணல் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்க வேண்டும்.

சோற்றிலும் கவனம் வேண்டும். மலையில் இரவுச் சோறு காலைக்கும் நிற்கும், இங்கே நிற்காது. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள், அல்லது ஆறவிட்டு பிரிஜில் வையுங்கள்.

காய்ச்சல் வந்தால் டெங்குவா என்று எப்படித் தெரியும்?

கம்பஹா மாவட்டம் நாட்டில் டெங்கு அதிகமாகப் பதிவாகும் மாவட்டங்களில் ஒன்று. குளிர்ந்த உயரமான தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு இதில் பழக்கம் இல்லை, "தடிமல் காய்ச்சல்தானே" என்று பனடோலோடு நாலு நாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், எடைக்கு ஏற்ற அளவில், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. அஸ்பிரின், இபுபுரோஃபன், டைக்லோஃபெனாக் வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை கட்டாயம். கர்ப்பிணியும் கைக்குழந்தையும் முதல் நாளே வைத்தியரிடம் போக வேண்டும். சிவப்பு, கபில நிறப் பானங்கள் கொடுக்காதீர்கள், வாந்தியில் இரத்தம் வந்தால் அடையாளம் தெரியாது.

பலரும் தவறவிடுவது இதைத்தான்: காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். உடம்பு ஆறிவிட்டது என்று நிம்மதியாகும் அந்த ஒன்று இரண்டு நாளில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். வயிற்று வலி, நிற்காத வாந்தி, கைகால் குளிர்தல், மயக்கம், முரசிலிருந்து இரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வைத்தியசாலை. இரத்தத் தட்டு (பிளேட்லெட்) எண்ணிக்கை 1,00,000க்குக் கீழே வந்தாலும் அப்படித்தான். நீர்கொழும்பு மாவட்டப் பொது வைத்தியசாலையில் இதற்குப் பழக்கமான பிரிவு இருக்கிறது.

முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை தேங்கிய தண்ணீரைக் கொட்டினால் சுற்று அறுந்துவிடும். பூச்சட்டியும் டயரும் எல்லாருக்கும் தெரியும். பிரிஜுக்குப் பின்னால் மோட்டரின் மேலே உள்ள தட்டு, கூரைப் பீலியில் இலை அடைத்த இடம், மேல்தாங்கியின் வழிவுக் குழாய், பாவிக்காத கொமட் ஆகியவைதான் மறந்து போகிறவை. இந்த நுளம்பு பகலில் கடிக்கும், பகலில் தூங்கும் பிள்ளைக்கும் வலை கட்டுங்கள்.

மீன் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கண், செவுள், அமுக்கினால் திரும்பும் சதை எல்லாம் மலையிலும் பார்ப்பதுதான். இங்கே கூடுதலாக ஐஸைப் பாருங்கள். கடல் பக்கத்தில் இருப்பதால் எல்லா மீனும் புதிது என்ற நம்பிக்கையில் ஏமாறுவது எளிது. சூரை, கெலவல்லா போன்ற சிவந்த சதை மீன்கள் வெயிலில் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும், கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அழியாது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தடித்து, தலையிடித்தால் காரணம் அதுதான். வாயில் மிளகு கடித்ததுபோல் சுள்ளென்றிருந்தால் அந்தத் துண்டைத் துப்பிவிடுங்கள். பிற்பகலில் வீதியோரப் பலகையில் மலிவாகக் கிடக்கும் சூரையை விட்டுவிட்டு, காலையில் லெல்லம என்னும் மீன் சந்தைப் பக்கம் போய்ச் சாளையோ பாரையோ வாங்குங்கள்.

சைக்கிளும் அலுமாரியும் துருப்பிடிக்கிறதே?

உப்புக் காற்று. சைக்கிள், மோட்டர் சைக்கிளைக் கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள், சவர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் இன்னும் கெடும். இரும்பு அலுமாரியின் காலைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள்.

பிள்ளைகளைத் தமிழ் மொழியில் படிக்க வைக்க முடியுமா?

முடியும். நகரில் விஜயரத்தினம் இந்து மத்திய கல்லூரி, அல்-ஹிலால் மத்திய கல்லூரி ஆகியவை தமிழ்மொழிப் பாடசாலைகள். சீதுவை, கட்டுநாயக்கவில் வீடு எடுத்தால் தினமும் பஸ் செலவு வரும், அதை வாடகையோடு சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

முதலாம் ஆண்டு விண்ணப்பம் முந்தைய ஆண்டின் நடுப்பகுதியில் கோரப்படும். பாதி இடங்கள் பாடசாலைக்குக் கிட்ட வதிகிறவர்களுக்கு. அதில் முந்தைய 5 வருட வாக்காளர் பதிவுக்குப் புள்ளி இருக்கிறது, சொந்த வீட்டைவிட வாடகை வீட்டுக்குப் புள்ளி குறைவு. பிள்ளைக்கு ஒரு வயதாகும்போதே வாக்கை மாற்றியவருக்கும் நாலு வயதில் மாற்றியவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இடை வகுப்புகளுக்கு விடுகைப் பத்திரத்தோடு அதிபரை நேரே பாருங்கள்.

தமிழில் தொடங்கிய பிள்ளையை இடையில் சிங்கள மொழிமூலத்துக்கு மாற்றச் சொல்லி அயலில் ஆலோசனை சொல்வார்கள். நாங்கள் அதைச் சொல்லமாட்டோம். நாலாம் ஐந்தாம் வகுப்பில் மாறும் பிள்ளை கணிதமும் விஞ்ஞானமும் விளங்காமல் பின்னுக்குப் போய்விடும். சிங்களத்தை மாலை வகுப்பிலும் விளையாட்டிலும் படிக்கட்டும், இந்த ஊரில் அது தானாகவே வரும்.

அலுவலகங்களில் சிங்களத்தில்தான் எல்லாம். என்ன செய்வது?

அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரைப்படி, சிங்களத்தில் நிருவாகம் நடக்கும் பகுதியிலும் அரச அலுவலகத்தோடு தமிழில் அலுவல் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. தமிழ்ப் படிவத்தைக் கேளுங்கள், கடிதத்தைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். விளங்காத படிவத்தில் கையெழுத்துப் போடுவதைவிட இன்னொரு நாள் வருவது மேல். பொலிஸ் வாக்குமூலமென்றால் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

வேலையில் எதைக் கவனிக்க வேண்டும்?

கட்டுநாயக்க வர்த்தக வலயம் 1978 முதல் இயங்குகிறது, தொழிற்சாலைக்கு நேரடியாகச் சேர்ந்தால் சட்டப்படியான கொடுப்பனவுகள் பெரும்பாலும் வரும். சிக்கல் வருவது மேன்பவர் என்னும் ஆள் வழங்கும் இடைத்தரகர்களிடம். நாட்கூலி கொஞ்சம் அதிகமாகத் தெரியும், சேமலாப நிதி போடமாட்டார்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழித்து, முதலாளி 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னொரு 3 வீதம் முதலாளியே. அதாவது 15 வீதச் சம்பளத்தை இழந்துதான் அந்த "அதிகக் கூலி" வருகிறது. சம்பளச் சீட்டில் அங்கத்துவ இலக்கம் இருக்கிறதா என்று முதல் மாதமே பாருங்கள்.

தாய் தகப்பன் இருவரும் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது என்பதை வருமுன் முடிவு செய்யுங்கள். பிள்ளைக் காம்பரா இங்கே இல்லை, பகல்நேரப் பராமரிப்புக்குக் காசு கட்ட வேண்டும். இரவு ஷிப்டுக்கு அவையும் திறந்திருக்காது.

கடலில் குளிக்கலாமா?

மே முதல் செப்டெம்பர் வரை இந்தக் கரையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், அப்போது வேண்டாம். மற்ற மாதங்களிலும் உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில் மட்டும். சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைக்கவும் போகாதீர்கள். ஆற்றிலும் குளத்திலும் நீந்தத் தெரிந்தவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் திரும்ப வேண்டும். அலை இரண்டு பக்கமும் உடைந்து, நடுவில் மட்டும் அமைதியாகத் தெரியும் இடம்தான் அந்த இழுப்பு. பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் கரையில் நின்று காட்டிக் கொடுங்கள்.

ஊருக்குப் போய்வர எது நல்லது?

நேர் ரயில் இல்லை. புத்தளம் பாதை ராகமையில் பிரதான பாதையோடு சேர்கிறது. நீர்கொழும்பிலோ கட்டுநாயக்கவிலோ ஏறி ராகமையில் மாறலாம், ஆனால் மலைநாட்டுக் கடுகதி அங்கே நிற்குமா என்று டிக்கற் எடுக்கும்போதே கேளுங்கள். நிற்காவிட்டால் கொழும்பு கோட்டைக்குப் போய் ஏறுவதுதான் வழி, இருக்கையும் அங்கேதான் கிடைக்கும். பஸ்ஸென்றால் 240இல் கொழும்புக்குப் போய், அங்கிருந்து அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹட்டன். கடும் மழைக் காலத்தில் ரயில் பாதையிலும் கினிகத்தேனைப் பக்கத்திலும் மண்சரிவால் தடங்கல் வரும், புறப்படுமுன் 117இல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீபாவளி, பொங்கல், சித்திரைக்கு முந்திய இரண்டு நாள் நின்றுகொண்டேதான் போக வேண்டிவரும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் ஒரு நாள் முன்னரே லீவு எழுதிக் கொடுங்கள். பிள்ளைகளின் கம்பளிச் சட்டையைப் பையின் மேலே வையுங்கள். கொழும்பு வெயிலில் ஏறிய பிள்ளை நாவலப்பிட்டி தாண்டும்போதே குளிரில் நடுங்கத் தொடங்கும்.